பேண்ட்லேப்: பாட்டு கட்டுகிறவர்களுக்கு இங்கே துணை கிடைக்குமா?

பாட்டு எழுதிப் பழகுகிறவருக்கு இன்றைக்குக் கைபேசியே ஸ்டூடியோ. கிடைக்காமல் தவிப்பது, பொறுமையாகக் கேட்டுப் பதில் சொல்ல ஓர் ஆளுக்குத்தான். வீட்டில் பாடிக் காட்டினால் "நல்லா இருக்கு" என்பார்கள். வாட்ஸப்பில் போட்டால் கட்டைவிரல் ஒன்று வரும். சரணத்தின் மூன்றாவது வரி ஏன் தொங்குகிறது, பல்லவிக்குத் திரும்பும்போது ஏன் இடறுகிறது என்று சொல்ல, அதே வேலையில் கைவைத்த இன்னொருவர் வேண்டும். அந்தத் துணை பேண்ட்லேப் செயலியில் கிடைக்குமா என்பதை மட்டுமே இந்த மதிப்புரை பார்க்கிறது. ரிவெர்ப் எப்படி, டிரம் ஒலிகள் எத்தனை என்பதற்கெல்லாம் யூடியூபில் காணொளிகள் நிறைய உண்டு.

முதலில் அறிமுகம். பேண்ட்லேப் சிங்கப்பூரிலிருந்து நடத்தப்படும் சேவை. குவோக் மெங் ரூ என்பவர் இணைந்து 2015-இல் நிறுவியது. ஆண்ட்ராய்டு, ஐபோன், கணினி உலாவி மூன்றிலும் ஒரே கணக்கில் ஓடும். ஒலிப்பதிவு மென்பொருள் உலகில் பழைய பெயரான கேக்வாக்கை 2018-இலும், இசைக்கலைஞர்களுக்கான ரெவர்ப்நேஷனை 2021-இலும் வாங்கியது. பதிவு செய்த பயனர்கள் 10 கோடியைத் தொட்டுவிட்டதாக 2024-இல் நிறுவனம் அறிவித்தது. கட்டணச் சந்தா ஒன்றும் உண்டு. ஆனால் குரலையும் வாத்தியத்தையும் பதிவது, தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம், சேமிப்பு, பிறரைச் சேர்த்துக்கொள்வது, வெளியிடுவது ஆகிய அடிப்படை வேலைகளுக்குப் பணம் தேவையில்லை. பாட்டு எழுதிப் பழகும் கட்டத்தில் சந்தா கட்ட எந்த அவசியமும் இல்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முழுப் பாட்டையும் பொதுவெளியில் போட்டுவிட்டுப் பாராட்டு வரும் என்று காத்திருப்பவருக்கு இந்த இடம் சோர்வைத்தான் தரும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சின்னக் குழுவாக உள்ளே நுழைந்தால், கைபேசியில் இதைவிட நல்ல வசதி பாட்டு கட்டுகிறவர்களுக்குக் கிடைப்பது அரிது. காரணம், இங்கே ஒருவர் இன்னொருவருக்குத் தரும் ஊக்கம் வெறும் வார்த்தையோடு நிற்க வேண்டியதில்லை. பாட்டின் உள்ளேயே வந்து வேலை செய்துவிட்டுப் போகலாம்.

அந்த வசதிக்கு ஃபோர்க் என்று பெயர். சவுண்ட்க்ளவுடிலோ யூடியூபிலோ ஒரு பாட்டை ஏற்றினால் கேட்பவருக்குக் கிடைப்பது முடிந்த கலவை. குரல் தனி, கிட்டார் தனி என்று பிரித்து எடுக்க முடியாது. பேண்ட்லேப்பில் ஃபோர்க் அனுமதியோடு வெளியிட்டால், கேட்பவர் ஒரே தட்டில் அந்த ப்ராஜெக்டின் நகலைத் தன் கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம். எல்லா ட்ராக்கும் தனித்தனியாக, போட்ட இடத்திலேயே இருக்கும். அவர் மேலே ஒரு புல்லாங்குழலோ இரண்டாம் குரலோ சேர்த்து வெளியிட்டால் மூலப் பாட்டின் பெயரும் கூடவே போகும். உங்கள் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. "இந்த இடத்தில் ஒரு ஹார்மனி வந்தால் நன்றாக இருக்கும்" என்று எழுதுவதற்கும், அந்த ஹார்மனியைப் பாடியே அனுப்புவதற்கும் உள்ள தூரம் பெரிது. தயங்கித் தயங்கி எழுதுகிறவருக்கு இரண்டாவது கொடுக்கும் தெம்பு தனி. முகம் தெரியாத ஒருவர் தன் பல்லவியைப் பத்து முறையாவது கேட்டுப் பழகிய பிறகுதான் அதைப் பாடியிருக்க முடியும் என்பது அவருக்குத் தெரியும்.

இன்னொரு வழி, ப்ராஜெக்டுக்குள்ளேயே ஆட்களை அழைப்பது. அழைக்கப்பட்டவர் நகலில் அல்ல, அதே ப்ராஜெக்டில் வேலை செய்வார். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அது ஒரு ரிவிஷனாகப் பதிவாகும். யார் எப்போது சேமித்தார் என்பதும் தெரியும். பிடிக்கவில்லை என்றால் பழைய ரிவிஷனுக்குத் திரும்பலாம். இது பார்க்கச் சின்ன வசதி. ஆனால் கூட்டாகப் பாட்டு செய்கிறவர்களுக்கிடையே மனக்கசப்பு வருவதே "என் டேக்கை (பாடிப் பதிந்ததை) அழித்துவிட்டாய்" என்ற இடத்தில்தான். இங்கே எதுவும் அழிவதில்லை என்று தெரிந்தால் அழைத்தவரும் நிம்மதியாக இருப்பார், வந்தவரும் துணிந்து கைவைப்பார். ஒரே ஒரு எச்சரிக்கை: ஒரே நேரத்தில் இருவர் திறந்து வேலை செய்யாதீர்கள். "இப்போது நான் எடுக்கிறேன்", "சேமித்துவிட்டேன், அடுத்தவர் எடுக்கலாம்" என்று உள்ளே இருக்கும் அரட்டையில் ஒரு வரி போட்டுவிட்டு முறை வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. சிக்னல் குறைந்த இடத்தில் சேமித்தால் ஏற்றம் முடிந்துவிட்டதா என்று பார்த்த பிறகே அடுத்தவருக்குச் சொல்லுங்கள்.

பொதுவெளிக் கருத்துகள்

இதுதான் பலவீனமான பகுதி. பொதுவில் வெளியிடும் பாட்டுக்குக் கீழே பெரும்பாலும் வருவது தீச்சுடர் எமோஜி, "ஃபயர் ப்ரோ", "என் பாட்டையும் கேளுங்க" ஆகிய மூன்றும்தான். இவற்றை எழுதுகிறவர்களிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் பாட்டைத் திருத்த அதில் எதுவும் கிடைக்காது. ஒன்றுமே வராத பாட்டுகளும் ஏராளம். ராப், ட்ராப் வகைகளுக்கு ஆள் அதிகம். தமிழில் மெலடியோ நாட்டுப்புறச் சாயலோ போட்டால் மொழி புரியாதவர்கள் மெட்டைப் பற்றி மட்டும் பேசுவார்கள். அதுவும் பயன்தான். வார்த்தை புரியாமலே மெட்டு பிடித்திருக்கிறதா என்பது நல்ல சோதனை. ஆனால் வரிகளைப் பற்றிய பேச்சு வேண்டுமென்றால் தமிழ் தெரிந்தவர்களை நீங்கள்தான் தேடிச் சேர்க்க வேண்டும்.

இன்னொரு குறை, கருத்துக்கு நேரக்குறி கிடையாது. சவுண்ட்க்ளவுடில் கருத்து பாட்டின் குறிப்பிட்ட நொடியில் போய் ஒட்டிக்கொள்ளும். இங்கே "0:14" என்று கையால் எழுத வேண்டும். எழுதினால் போதும், ஆனால் பலர் எழுதுவதில்லை. "நடுவில் ஒரு இடம் நல்லா இருந்தது" என்ற கருத்தை வைத்து எழுதியவர் ஒன்றும் செய்ய முடியாது.

நல்ல பதில் வர வேண்டுமென்றால் கேட்கும் விதத்தை மாற்ற வேண்டும். அனுபவப்பட்டவர்கள் முழுப் பாட்டைப் போடுவதில்லை. 96 பிபிஎம் (நிமிடத்துக்கு 96 அடி) வேகத்தில், ஒரு தாளவட்டத்துக்கு 4 அடி என்றால், 8 வட்டப் பல்லவி சரியாக 20 நொடி. பல்லவியை இரண்டு முறை பாடினால் 40 நொடி. அதை மட்டும் போட்டு, விவரப் பகுதியில் வரிகளைத் தமிழில் தட்டச்சு செய்து, கீழே ஒன்றோ இரண்டோ கேள்வி வைப்பார்கள். "எப்படி இருக்கு?" என்பதற்குப் பதில் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். "இரண்டாவது வரியில் மூச்சு வாங்குவது கேட்கிறதா?", "சரணத்துக்கு மேலே போகலாமா, இதே ஸ்தாயியில் இருக்கலாமா?" என்று கேட்டால் எமோஜி போடுகிறவரும் நின்று யோசிப்பார். தத்தகாரமாகவோ (தன்னன்னா என்று) டம்மி வரிகளோடோ பாடியிருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் எல்லாரும் அந்தத் தற்காலிக வரிகளைத்தான் விமர்சிப்பார்கள்.

பதில் எழுதுகிறவர் பக்கமும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஓர் உதாரணத்தைக் கிட்டே வைத்துப் பார்க்கலாம். ஒருவர் இப்படி ஒரு பல்லவி போட்டிருக்கிறார் என்று வையுங்கள்:

மாடிப்படி நனையுது
மனசு மட்டும் காயுது

படிக்க அழகாக இருக்கிறது. மா, ம என்று மோனை நிற்கிறது. நனையுது, காயுது என்று முடிவும் ஒத்துப் போகிறது. ஆனால் பாடும்போது இரண்டாவது வரியின் தொடக்கம் உறுத்தும். முதல் வரி "மா" என்ற நெடிலில், நேரசையில் தொடங்குகிறது. அந்த நெடிலுக்காகவே மெட்டில் முதல் ஸ்வரம் நீண்டு நிற்கிறது. இரண்டாவது வரி "மன" என்ற நிரையசையில், இரண்டு குறிலோடு தொடங்குகிறது. அதே நீண்ட ஸ்வரத்தில் வைத்தால் "மனசு" என்பது "மானசு" என்று கேட்கும். கேட்பவர் ஒரு நொடி தடுமாறுவார்.

இதற்கு "இரண்டாவது வரி சரியில்லை" என்று எழுதினால் எழுதியவர் அந்த வரியையே தூக்கிப் போட்டுவிடுவார். நல்ல வரி போய்விடும். இப்படி எழுதலாம்: "மாடிப்படி நனையுது என்ற படிமம் உடனே கண்ணில் வந்துவிட்டது, அதை விட்டுவிடாதீர்கள். 0:07-இல் மனசு மானசு என்று கேட்கிறது. முதல் ஸ்வரத்தை இரண்டாக உடைத்து ம, ன இரண்டையும் பாதிப் பாதியில் பாடிப் பாருங்கள். அல்லது 'நெஞ்சு மட்டும் காயுது' என்று வைத்தால் நீட்டம் சரியாக உட்காரும், ஆனால் மோனை போய்விடும். எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம்." எது பிடித்தது, எந்த நொடியில் என்ன கேட்கிறது, ஏன் அப்படிக் கேட்கிறது, என்ன செய்யலாம் எல்லாம் இதில் இருக்கின்றன. முடிவு பாட்டுக்காரரிடமே இருக்கிறது. கேட்காமல் மாற்று வரி ஐந்தாறு எழுதிக் கொட்டுவது உதவி ஆகாது. அது அவருடைய பாட்டை உங்களுடையதாக்கும் வேலை. நெஞ்சு என்று ஒரே ஒரு மாற்று, அதன் விலையோடு சேர்த்து, போதும்.

முதல் பாட்டு போடுகிறவருக்குக் குறை சொல்வதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வதில் தப்பில்லை. அவருக்குத் தேவை, தொடர்ந்து எழுதலாம் என்ற துணிவு. அதற்காகப் பொய்ப் பாராட்டும் வேண்டாம். பாட்டில் உண்மையாகவே பிடித்த ஒரு வரியை, ஒரு திருப்பத்தைச் சுட்டிக் காட்டினால் போதும். எவ்வளவு பழுதான பதிவிலும் அப்படி ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடிக்க இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பேச்சைக் கெடுக்கும் ஒலிக் கோளாறுகள்

பாட்டைப் பற்றிய பேச்சு பல நேரம் பாட்டுக்கே போகாமல் பதிவிலேயே நின்றுவிடுகிறது. "தாளம் தவறுது" என்று நாலு பேர் எழுதுவார்கள். பாடியவர் தாளத்தில்தான் பாடியிருப்பார். தவறு ப்ளூடூத் இயர்போனில் இருக்கும். கம்பியில்லா இயர்போனுக்கு ஒலி போய்ச் சேர 150 முதல் 250 மில்லிநொடி வரை தாமதமாவது சாதாரணம். 96 பிபிஎம்மில் ஓர் அடிக்கு 625 மில்லிநொடி, அதில் கால் பங்கு 156. ஆக 200 மில்லிநொடி தாமதம் என்றால் பாடுகிறவர் கால் அடிக்கும் மேல் பின்தங்கிப் பதிவாகிறார். எவ்வளவு நல்ல தாளக்கட்டு உள்ளவரும் இதில் தப்ப முடியாது. பதிவு செய்யும்போது கம்பி இயர்போன் கட்டாயம். கேட்பதற்கு எது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

கம்பி இருந்தாலும் கைபேசிக்கே உரிய தாமதம் கொஞ்சம் இருக்கும். ஐபோனில் குறைவு, ஆண்ட்ராய்டில் மாடலுக்கு மாடல் மாறும். இதைச் சரிசெய்ய ஸ்டூடியோ அமைப்புகளுக்குள் லேட்டன்சி சோதனை இருக்கிறது. செயலி ஒலியை எழுப்பி, அது மைக்கில் எவ்வளவு தாமதமாகத் திரும்பி வருகிறது என்று அளந்து, அடுத்தடுத்த பதிவுகளை அந்த அளவுக்கு முன்னால் நகர்த்தும். அமைதியான அறையில் செய்ய வேண்டும். கைபேசியையோ இயர்போனையோ மாற்றினால் மறுபடியும் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் நாலு பேர் நாலு கைபேசியில் பாடிய ஹார்மனியை ஒன்றாக வைத்தால் கோரஸ் சிதறித்தான் கேட்கும். அப்போதும் பாதகமில்லை. ட்ராக்கை விரலால் இழுத்துச் சரியான இடத்தில் வைக்கலாம். அதற்கு ஒவ்வொருவரும் பாடத் தொடங்கும் முன் ஓர் அடிக்கு ஒரு கைத்தட்டு போட்டு வைத்தால் வேலை சுலபம். அலைவடிவத்தில் தட்டு முள்ளாகத் தெரியும்.

இயர்போனே இல்லாமல், ஸ்பீக்கரில் மெட்ரோனோமை ஓடவிட்டுப் பாடுவது இன்னொரு வழக்கமான கோளாறு. கிளிக் ஒலி குரல் ட்ராக்கில் பதிந்துவிடும். ஃபோர்க் எடுத்தவர் அதைப் பிரித்து எடுக்க முடியாது. அவர் சேர்க்கும் புல்லாங்குழலுக்கு அடியில் கிளிக் ஓடிக்கொண்டே இருக்கும். மெட்ரோனோமைப் போடாமலே பாடுவது இதைவிட மோசம். ப்ராஜெக்டில் வேகம் ஒன்று, பாடியது வேறொன்று என்று இருந்தால் சேர வருகிறவருக்கு எந்தக் கட்டமும் பொருந்தாது. மெட்டு வந்தவுடன் வேகத்தைக் கண்டுபிடித்து, ப்ராஜெக்டில் பதிந்துவிட்டு, பிறகு பாடுங்கள். மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடைப் பாட்டென்றால் தாள அமைப்பை 6/8-க்கு மாற்ற மறக்கக் கூடாது. 4/4 கிளிக்குக்கு மேல் கும்மி மெட்டைப் பாடினால் மூன்றாவது வட்டத்திலேயே இடிக்கும்.

சுருதியைக் குறிப்பிடுவதிலும் கவனம் வேண்டும். தமிழ்ப் பாடகர்களுக்குக் கட்டைக் கணக்கு, கிட்டார், கீபோர்டு வாசிப்பவர்களுக்கு ஆங்கில எழுத்து. இரண்டையும் விவரத்தில் எழுதிவிட்டால் ஒரு கேள்வி மிச்சம். 1 கட்டை சி, 2 கட்டை டி, 3 கட்டை இ, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி, 6 கட்டை ஏ. ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். ஆண் குரல் 1 கட்டையில் பாடிய பல்லவியைப் பெண் குரலில் தொடர வேண்டுமென்றால் பெரும்பாலும் 5, ஐந்தரைக்குப் போக வேண்டியிருக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். பழைய ஆர்மோனியமோ சுருதிப் பெட்டியோ வைத்துப் பாடினால் அதன் சுருதி நிலையான ஏ 440 (ஏ ஸ்வரத்துக்கு 440 ஹெர்ட்ஸ்) அளவிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கலாம். தனியாகக் கேட்டால் தெரியாது. அடுத்தவர் மெய்நிகர் பியானோவைச் சேர்த்ததும் உறுத்தும். செயலியிலேயே ட்யூனர் இருக்கிறது. பதியும் முன் அதில் ஒரு முறை சரிபார்த்துவிடலாம்.

ஆட்டோபிட்ச் பற்றி ஒரு வார்த்தை. சுருதியை இழுத்துப் பிடிக்கும் இந்த வசதி மேற்கத்தியப் பாணி மெட்டுக்கு அளவோடு பயன்படும். கமகம், பிருகா உள்ள வரியில் போடவே கூடாது. ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிப் போகும் இடத்தை அது படிப்படியாக வெட்டி, பாடியவரின் உழைப்பையே இயந்திரக் குரலாக்கிவிடும். கேட்பவர்கள் அதைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள்.

மற்றபடி, கைபேசி மைக்குக்கும் வாய்க்கும் 15 முதல் 20 செ.மீ. இடைவெளி, மின்விசிறி நிறுத்தம், ஒலி அளவின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. இது போதும். டெமோவுக்கு இதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

சின்னக் குழு

பேண்ட்லேப்பில் 'பேண்ட்' என்று ஒரு குழுவைத் தொடங்கி ஆட்களை அழைக்கலாம். ப்ராஜெக்டுகளைப் பொதுவில் காட்டாமல் குழுவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். இந்தச் சேவையின் சிறந்த பயன் இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. பொதுவெளியில் பாட்டைப் போடும்போது எல்லாருக்குமே கொஞ்சம் பயம் இருக்கும். சுருதி விலகிய டேக்கையும் அரைகுறை சரணத்தையும் காட்டத் தோன்றாது. ஆனால் உதவி தேவைப்படுவது அந்த அரைகுறைக் கட்டத்தில்தான். ஐந்து பேர் மட்டும் கேட்கும் இடத்தில் அதைத் தைரியமாகக் காட்டலாம்.

யாரைச் சேர்ப்பது? இதற்கு ஓரளவு ஆதாரத்தோடு பதில் சொல்ல முடியும். பிப்ரவரி மாதத்தின் 28 நாளில் 14 பாட்டு எழுதுவது என்ற சவாலை 2004-இல் பர் செட்டில்ஸ் என்ற அமெரிக்கர் நண்பர்களோடு தொடங்கினார். பிப்ரவரி ஆல்பம் ரைட்டிங் மன்த் என்பது முழுப் பெயர், ஃபாம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். போட்டி இல்லை, பரிசு இல்லை. எழுதுவது, மற்றவர் பாட்டைக் கேட்டுக் கருத்து எழுதுவது, சேர்ந்து எழுதுவது, அவ்வளவே. செட்டில்ஸ் கணினி ஆய்வாளரும் கூட. அங்கே முன்பின் பழகாதவர்கள் சேர்ந்து பாட்டு செய்வது எப்படி அமைகிறது என்பதை ஸ்டீவன் டவ் என்பவரோடு ஆராய்ந்து 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆர்வம் பொதுவாகவும் பின்னணி வேறாகவும் இருப்பவர்கள், ஏற்கெனவே ஒருவருக்கொருவர் பேசிப் பழகியிருந்தால், சேர வாய்ப்பு அதிகம் என்று அதில் தெரிந்தது. அந்தஸ்தில் இருவருக்கும் லேசான ஏற்றத்தாழ்வு இருப்பதும் நல்லதாகவே போயிருக்கிறது. பாட்டு முடிந்த பிறகு மனநிறைவு வந்ததா என்பதற்கு, இரு பக்கமும் உழைப்பு சமமாக இருந்ததா என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது.

இதைக் கைவேலைக்கு மாற்றினால் குழு இப்படி அமையும். வரி எழுதுகிறவர் இருவர், மெட்டுப் போடுகிறவர் ஒருவர், வாத்தியம் வாசிப்பவர் ஒருவர், குரலுக்கு ஒருவர். எல்லாருக்கும் ஒரே வகைப் பாட்டில் ஆசை இருக்கட்டும், ஆனால் ஐவரும் கிட்டார்க்காரர்களாக இருக்க வேண்டாம். ஆளைச் சேர்க்கும் முன் அவருடைய இரண்டு பாட்டையாவது கேட்டு, மேலே சொன்ன மாதிரி கருத்து எழுதி, அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்று பாருங்கள். திருத்தம் சொன்னால் விளக்கம் சொல்லிக்கொண்டே போகிறவரா, "மறுபடி பாடிப் பார்க்கிறேன்" என்கிறவரா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

குழு கலைவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஒருவரே பாட்டு மேல் பாட்டாகப் போடுவார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முதல் மாதம் உற்சாகமாகப் போகும், பிறகு பதில்கள் சுருங்கும். ஒரு பாட்டு போடும் முன் மற்றவர்களுடைய இரண்டு பாட்டுக்காவது கருத்து எழுதியிருக்க வேண்டும் என்ற ஒரே விதி இதைத் தடுக்கும். வாரத்துக்கு ஒரு சிறு பயிற்சியும் வைக்கலாம். ஞாயிறு மாலை ஒரு தலைப்பு, ஒரு மணி நேரம், ஒரு பல்லவி. ஃபாம் வழக்கத்தில் இதற்கு ஸ்கர்மிஷ் என்று பெயர். நேரம் குறைவாக இருப்பதால் யாரும் நன்றாக எழுத வேண்டும் என்று பதறுவதில்லை. ஐவரும் ஒரே தலைப்பில் எழுதியிருப்பதால் ஒருவர் வரியை இன்னொருவர் உண்மையான ஆர்வத்தோடு கேட்பார். ஒரே "தூறல்" என்ற தலைப்புக்கு ஒருவர் கும்மி மெட்டும் இன்னொருவர் தாலாட்டும் கொண்டுவரும்போது கிடைக்கும் பாடம் எந்த வகுப்பிலும் கிடைக்காது.

உரிமை

சட்டப்படி இந்தியாவில் வரிகள் ஒரு படைப்பு, மெட்டு வேறொரு படைப்பு, ஒலிப்பதிவு மூன்றாவது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் மூன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. வரிக்கும் மெட்டுக்கும் உரிமை, ஆக்கியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். எனவே வரி உங்களுடையது, மெட்டு நண்பருடையது என்றால் இருவரில் ஒருவர் மட்டும் முடிவெடுத்து முழுப் பாட்டை விற்க முடியாது. அன்பாகத் தொடங்கும் கூட்டு இந்த இடத்தில் உடையக் கூடாது. ப்ராஜெக்டின் குறிப்புப் பகுதியில் முதல் நாளே மூன்று வரி எழுதுங்கள்: வரி யார், மெட்டு யார், பணம் வந்தால் எப்படிப் பிரிப்பது. யூகித்து வாழ்வதைவிட எழுதி வைப்பது நட்புக்கு நல்லது.

ஃபோர்க் அனுமதியையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். பொதுவில் ஃபோர்க் திறந்து வைத்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் குரல் ட்ராக்கைத் தனியாக எடுக்க முடியும். பயிற்சிப் பல்லவிக்கு அது பாதகமில்லை, அதற்காகத்தானே போடுகிறோம். ஒருநாள் குறும்படத்துக்கோ ஆல்பத்துக்கோ கொடுக்கலாம் என்று நினைக்கும் பாட்டை மட்டும் குழுவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டின் கரோக்கி மேல் சொந்த வரியைப் பாடிப் போடுவதைத் தவிருங்கள். மெட்டு உங்களுடையதல்ல என்பதால் பாட்டு நீக்கப்படலாம், அதன் கீழே வந்த கருத்துகளும் அதோடு போய்விடும்.

யாருக்கு வாங்கித் தரலாம் என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாங்க ஒன்றும் இல்லை, கணக்குதான் திறக்க வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளை என்றால் சொந்தப் பெயர், பள்ளிப் பெயர் இல்லாமல் ஒரு புனைபெயரில் திறந்து, ப்ராஜெக்டுகளைத் தனியாக வைத்து, தெரிந்தவர்களோடு மட்டும் குழு அமைத்துக் கொடுங்கள். தொந்தரவு செய்கிறவரைத் தடுக்கவும் புகார் செய்யவும் வழி இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்கு முதல் நாளே காட்டிவிடுங்கள்.

மதிப்பெண் கேட்டால்: கூட்டு வேலைக்கு 5-க்கு நாலரை, குழு வசதிக்கு 4, பொதுவெளிக் கருத்துகளுக்கு 2. தமிழில் எழுதுகிறவர் குழுவோடு வந்தால் மூன்றாவது மதிப்பெண்ணைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

பாட்டு முடிந்ததும் எல்லா ட்ராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாக இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி. நாலு நிமிடப் பாட்டில் ஐந்து ட்ராக் என்றால் 200 எம்பி சுற்றி வரும். கோப்பின் பெயரில் வேகத்தையும் கட்டையையும் சேர்த்துவிட்டால் இரண்டு வருடம் கழித்து யார் திறந்தாலும் உடனே சேர்ந்து பாடலாம்.